ஆத்தங்குடிக் கல்லுக்கு நானோ பூச்சு: வாங்கலாமா, வேண்டாமா? (பட்டறை நடத்துபவர்களும் ஆய்வகத்தில் இருப்பவர்களும் பதில் சொல்லுங்கள்)

பட்டறைக்காரன், ஆத்தங்குடி | செவ்வாய், காலை 7.40

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் பட்டறையில் தாத்தா காலத்திலிருந்து பூக்கல் (சிமென்டில் வார்க்கிற ஆத்தங்குடித் தரைக் கல்) போடுகிறோம். இப்போது நான் பார்த்துக்கொள்கிறேன். ஆறு மாதமாக மனதில் அடைத்துக் கிடப்பதை இங்கே சொல்லிவிடுகிறேன்.

போன வருடம் ஒரு விற்பனை ஆள் வந்தார். கையில் ஒரு டப்பா, நானோ கோட்டிங் என்றார். காயவைத்திருந்த கல்லில் ஒன்றை எடுத்துத் துணியால் பூசினார். கால் மணி நேரம் கழித்துத் தண்ணீர் ஊற்றினால் தாமரை இலையில் உருள்வதுபோல உருண்டு ஓடியது. மஞ்சள் கரைத்து ஊற்றினார். துடைத்ததும் தடம் இல்லை. எங்கள் கல்லுக்கு இருக்கிற ஒரே குறை கறைதான். புளித்தண்ணீரோ எலுமிச்சையோ சிந்தினால் சிமென்ட் அரிக்கும், மஞ்சள் பட்டால் போகாது. வாங்குகிறவர்கள் முதலில் கேட்பதே அதுதான். அதனால் நம்பிவிட்டேன்.

சென்னையில் ஒரு வீட்டுக்கு அனுப்பிய 400 சதுர அடிக்கும் பூசிக் கொடுத்தேன். இரண்டாவது மாதமே போன் வந்தது. நேரில் போய்ப் பார்த்தேன். தரைக் கல் முழுக்கப் பால் தெளித்ததுபோல வெளுத்திருந்தது. சிவப்பிலும் பச்சையிலும் இன்னும் மோசம். நகத்தால் கீறினால் மெல்லிய படலம் சுருண்டு வருகிறது. விற்றவரைக் கேட்டால், "தரையில் ஈரம் இருந்திருக்கும், அதற்கு நாங்கள் பொறுப்பில்லை." கல்லும் கூலியும் என் கையிலிருந்து போட்டு மாற்றிக் கொடுத்தேன்.

நான் கேட்பது இதுதான். நானோ என்பதே பொய்யா, அல்லது நான் வாங்கிய விதம் தப்பா? காரைக்குடியில் அவ்வளவு பெரிய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் இருக்கிறது. பல்கலைக்கழகத்தில் நானோவுக்கென்றே துறை இருக்கிறது. அரை மணி நேரத் தூரத்தில் இருக்கிற எங்களுக்கு அது ஒரு டப்பாவாக, வெளியூர்க்காரர் கையில்தான் வந்து சேர வேண்டுமா? மற்ற பழைய தொழில்கள் இந்த மாதிரிப் புதுசை எப்படி உள்ளே எடுத்தன என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வளவுவீடு, கானாடுகாத்தான் | செவ்வாய், காலை 9.15

தம்பி, உங்கள் நஷ்டத்தைப் படிக்கவே கஷ்டமாக இருக்கிறது. எங்கள் வீட்டு இரண்டாம் கட்டுத் தரையில் கிடப்பது நூறு வருடத்தை நெருங்கும் கல். அப்பத்தா இருந்தவரை வாரம் ஒருமுறை துணியில் இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைக்கச் சொல்வார்கள், வேறு எதுவும் கிடையாது. இன்றும் முகம் தெரிகிறது. நாலு வருடம் முன்பு ஒரு அறையில் மட்டும் பளபளப்புக்கு ஏதோ பூசினோம். மழைக்காலம் வந்ததும் அந்த அறை மட்டும் புகை படிந்தது மாதிரி ஆகிவிட்டது. காரணம் இன்றுவரை யாரும் சொல்லவில்லை.

காங்கிரீட்காரன், திருச்சி (சொந்த ஊர் தேவகோட்டை) | செவ்வாய், மதியம் 1.05

இரண்டு பேருக்கும் காரணம் ஒன்றுதான். ஆத்தங்குடிக் கல் சுடாத கல். சிமென்ட், மணல், வண்ணம், தண்ணீர். உள்ளே கண்ணுக்குத் தெரியாத துளைகள் ஏராளம். தரையிலிருந்து ஈரம் அந்தத் துளை வழியாக மேலே ஏறி, ஆவியாகிப் போய்க்கொண்டே இருக்கும். மேலே படலம் போட்டு வாயை அடைத்தால் ஈரம் படலத்துக்குக் கீழே வந்து நிற்கும். வரும்போது கல்லுக்குள் இருக்கிற சுண்ணாம்பையும் உப்பையும் கரைத்துக்கொண்டு வரும். வெளுப்பு அதுதான். எண்ணெய் தொட்டுத் துடைத்த கல் ஏன் வெளுக்கவில்லை என்றால், இரண்டு சொட்டு எண்ணெய் துளைச் சுவரில் ஒட்டுமே தவிர வாயை அடைக்காது.

டப்பாவில் நானோ என்று போட்டிருப்பதால் மட்டும் உள்ளே இருப்பது என்னவென்று தெரிந்துவிடாது. படலம் போடும் பிசினாக இருக்கலாம், துளைக்குள் இறங்கி ஒட்டும் சிலேனாக இருக்கலாம், தண்ணீரில் மிதக்கும் சிலிக்கா துகளாக இருக்கலாம். மூன்றும் மூன்று வேலை செய்யும். நகத்தில் உரிந்து வந்தது என்றால் உங்களுக்குக் கிடைத்தது படலம்.

அப்புறம் அந்தத் தாமரை இலை. ஜெர்மனியின் பான் (Bonn) நகரப் பல்கலைக்கழகத்தின் வில்ஹெல்ம் பார்த்லோட் என்ற தாவரவியலாளர்தான் அந்த இலையின் நுண்மேடுகளையும் மெழுகையும் ஆராய்ந்து 1990களில் விளக்கினார். 1999இல் ஜெர்மனியில் அதே கொள்கையில் வெளிச்சுவர் பெயின்ட் விற்பனைக்கு வந்தது. சுவர் என்பதைக் கவனியுங்கள், அதில் யாரும் நடப்பதில்லை. தாமரை இலை உயிரோடு இருக்கிறது, தேய்ந்த மெழுகைத் திரும்பச் சுரந்துகொள்ளும். தரையில் பூசியது ஒருமுறை தேய்ந்தால் தேய்ந்ததுதான்.

ஆனால் நானோ பொய்யில்லை. அதை நான் தினமும் காங்கிரீட்டில் கலக்கிறேன். மைக்ரோ சிலிக்கா என்று மூட்டையில் வருகிறதே, அதில் ஒரு துகள் சராசரியாக 100 முதல் 150 நானோமீட்டர் (ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர்). தலைமுடி ஒன்றின் தடிமன் ஏறக்குறைய 80,000 நானோமீட்டர். அது எப்படிக் காங்கிரீட்டுக்குள் வந்தது என்பது உங்கள் கேள்விக்கு நல்ல பதில். நார்வேயில் சிலிக்கான் உலைகளின் புகையோடு இந்தத் தூசி வானத்தில் போய்க்கொண்டிருந்தது. காற்று மாசுச் சட்டம் இறுகியதும் 1970களில் வடிகட்டிப் பிடித்தார்கள். மலையாகக் குவிந்ததை என்ன செய்வது என்று தேடியபோதுதான் காங்கிரீட்டில் பரவலாகப் போட ஆரம்பித்தார்கள். சிமென்ட் இறுகும்போது மிஞ்சுகிற சுண்ணாம்போடு அது சேர்ந்து, சிமென்டை ஒட்டவைக்கிற அதே பசையாக மாறுகிறது. துளை குறைகிறது, பலம் கூடுகிறது. நானோ என்ற சொல்லை யாரும் உச்சரிக்காமலே அது உள்ளே வந்துவிட்டது.

நிக்கல்தொட்டி, காரைக்குடி | செவ்வாய், இரவு 8.50

தேவகோட்டைத் தம்பி சொன்னது நூற்றுக்கு நூறு. நான் 30 வருடமாக முலாம் போடுகிறேன். நிக்கல் தொட்டியில் பளபளப்புக்கு என்ன போடுவோம் தெரியுமா? சாக்கரின். சர்க்கரை நோய்க்காரர்கள் டீயில் போட்டுக்கொள்வார்களே, அதே சாக்கரின்தான். போடாவிட்டால் முலாம் மங்கலாக வரும், இழுவிசை ஏறி ஓரத்தில் வெடிக்கும். என் குரு கற்றுக்கொடுத்தார், நானும் போட்டேன். ஏன் என்று கேட்டதில்லை.

சில வருடம் முன்பு ஆய்வு நிறுவனத்துப் பையன் ஒருவன் என்னிடம் ஒரு தகடு வாங்கிப்போய் எக்ஸ்ரேயில் வைத்துப் பார்த்தான். திரும்பி வந்து, "ஐயா, உங்கள் நிக்கலின் மணிகள், அதாவது உள்ளே இருக்கிற குட்டிப் படிகங்கள், எல்லாம் நானோ அளவில் இருக்கின்றன" என்றான். நிக்கல் படியும்போது சாக்கரின் போய் ஒட்டிக்கொண்டு ஒவ்வொரு மணியையும் வளரவிடாமல் தடுக்கிறதாம். மணி சிறுத்தால் உலோகம் கடினமாகும், தேயாது. அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. கை செய்துவந்த வேலைக்குக் காரணம் கிடைத்த சந்தோஷம் அது.

அப்புறம்தான் முக்கியமான விஷயம். காரணம் தெரிந்த பிறகு நான் தொட்டியை வேறு மாதிரி நடத்த ஆரம்பித்தேன். முன்பு பளபளப்பு குறைந்தால் ஒரு கரண்டி அள்ளிப் போடுவேன். இப்போது எடைபோட்டுப் போடுகிறேன். அதிகமானால் முலாம் நொறுங்கும் தன்மைக்குப் போய்விடும் என்று தெரிந்துவிட்டது. பட்டறைக்காரத் தம்பி, உங்களுக்கும் முதலில் வேண்டியது டப்பா இல்லை, உங்கள் கல்லைப் பார்க்க ஒரு ஆள்.

பள்ளத்தூர்ப் பெண் (நானோ அறிவியல், முனைவர் பட்ட ஆய்வு) | புதன், காலை 6.30

நிக்கல் ஐயா சொன்னதற்குப் பெரிய உதாரணமே உண்டு. கனடாவில் ஒன்டாரியோ ஹைட்ரோ நிறுவனத்துக்கு அணுமின் நிலையத்தின் நீராவி உண்டாக்கும் கலத்துக் குழாய்கள் அரித்து, அது பெரிய தலைவலியாக இருந்தது. குழாயைச் சுலபமாகக் கழற்ற முடியாது. 1990களில் குழாய்க்குள்ளேயே மின்முலாம் முறையில் நானோ மணி நிக்கலைப் படியவைத்து உள்ளுறை போட்டார்கள். முலாம் பழைய தொழில், மின்நிலையம் பழைய தொழில். நடுவில் ஓட்டைக் குழாய் என்று ஒரு திட்டவட்டமான தொல்லை இருந்ததால்தான் புதுசு உள்ளே போனது.

எங்கள் பக்கத்துக் குறையையும் சொல்ல வேண்டும். நாங்கள் ஒரு துகளைச் செய்துவிட்டு, இது எதற்கெல்லாம் உதவும் என்று கட்டுரையின் கடைசிப் பத்தியில் நாலு தொழில் பெயரை எழுதுவோம். அந்தத் தொழிலில் ஒருவரைக்கூடப் பார்த்திருக்க மாட்டோம். 2007இல் மத்திய அரசு 1,000 கோடி ரூபாயில் நானோ மிஷன் தொடங்கியது. ஆய்வகங்கள் வந்தன, கருவிகள் வந்தன, கட்டுரைகளும் ஏராளமாக வந்தன. ஆனால் குடுவையில் இரண்டு கிராம் செய்வது ஒரு வேலை, மூட்டை மூட்டையாக ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி செய்வது வேறு வேலை. அந்த இரண்டாவது வேலைக்கு மதிப்பெண் கிடையாது, கட்டுரை கிடையாது, அதனால் செய்ய ஆளும் குறைவு.

சென்னை ஐ.ஐ.டி. பேராசிரியர் பிரதீப்பின் குழு தங்க, வெள்ளி நானோ துகள்களால் தண்ணீரில் உள்ள பூச்சிமருந்தை எடுக்கும் வடிகட்டியைச் செய்தது. 2007இல் ஒரு பெரிய நிறுவனம் அதை வீட்டுக் கருவியில் வைத்து விற்றது. குடிக்கிற தண்ணீரிலும் குளிர்பானத்திலும் பூச்சிமருந்து என்று அதற்கு முன்பே நாடு முழுக்கப் பேச்சாக இருந்தது. தொல்லை முதலில் தெரிந்திருந்தது, துகள் அதைத் தேடிப்போனது.

ஏன் இவ்வளவு சிறிதாக்க வேண்டும் என்பதற்கு ஒரு கணக்கு. ஒரு சென்டிமீட்டர் கனசதுரக் கல்லின் மேற்பரப்பு மொத்தமே 6 சதுர சென்டிமீட்டர். அதையே ஒரு நானோமீட்டர் கனசதுரங்களாக உடைத்தால் மேற்பரப்பு 6,000 சதுர மீட்டர், ஏறக்குறைய ஒன்றரை ஏக்கர். வேதிவினை மேற்பரப்பில்தான் நடக்கிறது. அதனால்தான் கொஞ்சம் போட்டாலே நிறைய வேலை செய்கிறது. கெடுதல் செய்வதானாலும் அதே வேகம்தான்.

பட்டறை அண்ணே, நீங்கள் முதலில் செய்ய வேண்டியது உங்கள் கல் எவ்வளவு தண்ணீர் குடிக்கிறது என்று அளப்பது. ஒரே நாளில் போட்ட ஆறு கல்லை நன்றாகக் காயவைத்து எடை போடுங்கள். ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் வைத்து, எடுத்துத் துடைத்து மறுபடி எடை போடுங்கள். கூடிய எடையைக் காய்ந்த எடையால் வகுத்து நூறால் பெருக்கினால் சதவீதம். சிமென்ட் தரைக் கல்லுக்கான இந்தியத் தர நிர்ணயம் 1237 இதற்கு 10 சதவீதம் வரை அனுமதிக்கிறது. உங்கள் எண் தெரியாமல் எந்தப் பூச்சு வாங்கினாலும் அது உதவியதா இல்லையா என்று சொல்ல வழியில்லை.

பட்டறைக்காரன் | புதன், காலை 8.10

அம்மா, இதுவரை யாரும் இப்படிச் சொல்லித் தந்ததில்லை. மளிகைக்கடைத் தராசு இருக்கிறது. இன்றே போடுகிறேன்.

மேலாள் பேரன், சிங்கப்பூர் | புதன், காலை 10.00

நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். நீங்கள் எல்லாரும் ரொம்ப நிதானமாகப் பேசுகிறீர்கள். சிவகங்கைக்குப் பக்கத்தில் கிராஃபைட் இருக்கிறது, தமிழ்நாடு அரசின் கனிம நிறுவனமான டாமின் சுரங்கமே நடத்துகிறது. 2004இல் மான்செஸ்டரில் கெய்ம், நோவோசெலோவ் இருவரும் கிராஃபைட்டை ஒட்டுநாடாவால் உரித்து உரித்துத்தான் கிராஃபீனை, அதாவது ஒற்றை அணு தடிமனுள்ள கார்பன் அடுக்கை, பிரித்தார்கள், 2010இல் நோபல் வாங்கினார்கள். மூலப்பொருள் நம் மண்ணில், மின்கல ஆய்வு காரைக்குடியில், நடுவே ஒரு மணி நேரப் பயணம். இன்னும் நாம் கல்லை எடைபோட்டுக்கொண்டிருந்தால் வேறு ஊர்க்காரன் முந்திவிடுவான். நம் பாட்டன்மார் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கப்பலேறியபோது எல்லாம் தெரிந்துகொண்டா ஏறினார்கள்?

பள்ளத்தூர்ப் பெண் | புதன், காலை 11.20

அண்ணே, உங்கள் ஆசை எனக்கும் இருக்கிறது. ஆனால் சுரங்கத்தில் வருவது கல்லும் மண்ணும் கலந்த தாது. அரைத்து, நுரையில் மிதக்கவிட்டுப் பிரித்துத்தான் கிராஃபைட் எடுக்க வேண்டும். லித்தியம் மின்கலத்துக்குப் போக வேண்டுமானால் 99.95 சதவீதத் தூய்மை வேண்டும், செதில் வடிவத்தை உருண்டையாக்க வேண்டும். கிராஃபீன் விஷயத்தில் உரிப்பது இன்று பெரிய வேலையில்லை. ஒவ்வொரு முறையும் ஒரே எண்ணிக்கை அடுக்கில் வரவைப்பதும், அதைப் பெயின்டிலோ ரப்பரிலோ திரளாமல் கலப்பதும்தான் வேலை. அங்கே பெயின்ட்காரரும் ரப்பர்காரரும் உட்கார்ந்து பேசாமல் ஒன்றும் நகராது.

நிக்கல்தொட்டி | புதன், மதியம் 2.30

சிங்கப்பூர்த் தம்பிக்கு ஒரு வார்த்தை. பாட்டன்மார் தெரியாமல் கப்பலேறவில்லை. முதலில் கடையில் பெட்டியடிப் பையனாக, கடைசி ஆளாகப் போய் உட்கார்ந்தார்கள். அப்புறம் உதவிக்கு நிற்கிற அடுத்தாள். அப்புறம்தான் கடையை நடத்துகிற மேலாள். மூன்று வருடக் கணக்கு முடித்து ஊர் வந்து ஐந்தொகை (வரவு செலவுக் கணக்கு) காட்டிய பிறகே அடுத்த பயணம். புதுசில் இறங்குவதை நான் தடுக்கவில்லை. தோற்றால் யார் தாங்குவது என்பதுதான் என் கேள்வி. ஆய்வகத்தில் ஒரு சோதனை தோற்றால் குறிப்பேட்டில் ஒரு வரி. 400 சதுர அடி தோற்றால் ஒரு வீட்டில் அந்த வருடம் கல்யாணம் தள்ளிப்போகும்.

தறிவீடு, காரைக்குடி | புதன், இரவு 9.40

கண்டாங்கிச் சேலை நெய்கிற குடும்பம் எங்களுடையது. 2019இல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு புதுப்புது யோசனையோடு ஆட்கள் வருகிறார்கள். அதில் ஒன்று நானோ வெள்ளிப் பதனம். வியர்வை நாற்றம் வராது, கிருமி அண்டாது என்கிறார்கள். வெள்ளி கிருமியைக் கொல்வது உண்மைதான். ஆனால் நூலில் ஒட்டியது எத்தனை சலவைக்கு நிற்கும்? 2008இல் அமெரிக்காவில் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தில் வெள்ளி போட்ட காலுறைகளைத் தண்ணீரில் அலசிப் பார்த்தார்கள். சில காலுறைகளில் நாலே அலசலில் வெள்ளி அத்தனையும் தண்ணீருக்குப் போய்விட்டது, சிலவற்றில் அநேகமாக அப்படியே நின்றது. ஒட்டவைத்த விதத்தில்தான் வித்தியாசம்.

எங்கள் தெருவில் துவைத்த தண்ணீர் ஓடிப் போய்ச் சேர்கிற இடம் ஊருணிப் பக்கம். கிருமியைக் கொல்கிற சரக்கு அங்கே போனால் பாசியையும் மீனையும் மட்டும் விட்டுவிடுமா? விளையாட்டுச் சட்டைக்கு அது தேவைப்படலாம். கண்டாங்கி வெறும் பருத்தி, வெயிலில் உலர்த்தினாலே போதும். எனக்கு இல்லாத தொல்லைக்கு ஏன் மருந்து? சாயம் நிற்கவில்லை, அரக்கு நிறம் முதல் சலவையிலேயே கொஞ்சம் இறங்குகிறது, அதுதான் எனக்குள்ள தொல்லை. அதற்கு வழி சொல்பவர் வந்தால் நானோவோ எதுவோ, திண்ணையில் உட்காரவைத்துப் பேசுவேன்.

கண்மாய்க்கரை, திருப்பத்தூர் | வியாழன், காலை 5.55

விவசாயத்தில் நாங்களும் இதே இடத்தில்தான் நிற்கிறோம். 2021இல் நானோ யூரியா வந்தபோது 45 கிலோ மூட்டைக்குப் பதில் அரை லிட்டர் பாட்டில் என்றார்கள். பஞ்சாப் வேளாண் பல்கலைக்கழகம் இரண்டு வருடம் நெல்லிலும் கோதுமையிலும் போட்டுப் பார்த்ததில் விளைச்சல் குறைந்தது என்று வெளியிட்டது. அதைத் தயாரிக்கிற நிறுவனம் தன் சோதனைகளைக் காட்டி மறுக்கிறது. நான் ஒரு வயலில் ஒரு மூலையை மட்டும் ஒதுக்கிப் போட்டுப் பார்க்கிறேன். மீதிக்கு மூட்டைதான்.

சாந்துமேஸ்திரி, செட்டிநாடு | வியாழன், மதியம் 12.45

வேலை இருந்ததால் இப்போதுதான் படித்தேன். நான் பழைய வீடுகளில் வெண்சாந்துப் பூச்சு பழுது பார்ப்பவன். கிளிஞ்சல் சுண்ணாம்பு, முட்டை வெள்ளை, கடுக்காய்த் தண்ணீர். அம்மியில் வெண்ணெய் மாதிரி அரைத்து, பூசி, வழவழக்கல்லால் தேய்த்துத் தேய்த்துக் கண்ணாடியாக்குவது. எங்கள் அப்பா சுண்ணாம்பை நீத்துத் தொட்டியில் தண்ணீருக்கடியில் மாதக்கணக்கில் கிடத்தி வைப்பார். "ஊறின சுண்ணாம்பு ஒட்டும், ஊறாதது உதிரும்" என்பார். காண்ட்ராக்டர்கள் அவசரப்படுத்தினாலும் கேட்க மாட்டார்.

ஒரு பயிற்சி முகாமில் இதைச் சொன்னேன். அங்கே வந்திருந்த ஆய்வாளர் அசந்துவிட்டார். ஸ்பெயினில் கிரனாடா பல்கலைக்கழகத்தார் 1998இல் இதையே நுண்ணோக்கியில் பார்த்து எழுதியிருக்கிறார்களாம். சுண்ணாம்பு ஊற ஊற அதன் படிகங்கள் உடைந்து மெல்லிய தகடுகளாகி, ஒரு மைக்ரானுக்கும் (ஆயிரம் நானோமீட்டர்) கீழே இறங்கிவிடுகின்றன. அப்பா தொட்டியில் செய்தது துகளைச் சிறிதாக்கும் வேலை.

இன்னொன்றும் சொன்னார். பழைய சுவரின் மேல்பூச்சு மாவாக உதிர்ந்தால் நாங்கள் தெளிந்த சுண்ணாம்புத் தண்ணீரை நாள்கணக்கில் தெளிப்போம். ஒரு லிட்டர் தண்ணீர் 1.7 கிராம் சுண்ணாம்பைத்தான் கரைக்கும், அதனால் எவ்வளவு தெளித்தாலும் உள்ளே போவது கொஞ்சம்தான், ஈரம்தான் நிறைய. இத்தாலியில் ஃப்ளாரன்ஸ் பல்கலைக்கழகத்தில் பக்லியோனி என்பவரின் குழு 2000ஆம் ஆண்டை ஒட்டி வேறு வழி கண்டது. சுண்ணாம்பையே நானோ துகளாக்கி, ஆல்கஹாலில் கலக்கிச் சுவர் ஓவியங்களில் ஊட்டினார்கள். ஆல்கஹால் பறந்துவிடும், சுண்ணாம்பு துளைக்குள் தங்கிக் காற்றிலுள்ள கரியமில வாயுவை எடுத்துக்கொண்டு கல்லாக மாறும். பிசின் இல்லை, படலம் இல்லை, சுவருக்கு வேற்றுச் சரக்கே இல்லை. கையளவு இடத்தில் நானும் போட்டுப் பார்த்தேன். விரல் வைத்தால் வெள்ளையாக ஒட்டிக்கொண்டிருந்த இடம் மூன்று வாரத்தில் ஒட்டுவது நின்றது. விலை அதிகம், முழுச் சுவருக்குக் கட்டாது. பூவேலை செய்த இடங்களுக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

தம்பி, உங்கள் கல்லுக்கும் இதே மாதிரி, கல்லுக்குள் ஏற்கனவே இருப்பதோடு சேர்கிற சரக்காகப் பாருங்கள்.

காங்கிரீட்காரன் | வியாழன், மாலை 6.10

மேஸ்திரி ஐயா சரியாகப் பிடித்தார். ஆத்தங்குடிக் கல்லில் ஏற்கனவே இருப்பது இறுகும்போது மிஞ்சும் சுண்ணாம்பு. வெளுப்புக்கு மூலம் அது. அதோடு சேர்ந்து பசையாகிற சிலிக்காவை வண்ணக்கூழிலேயே கலந்துவிட்டால் சுண்ணாம்பும் குறையும், துளையும் சிறுக்கும். மைக்ரோ சிலிக்கா சாம்பல் நிறம், உங்கள் மஞ்சளையும் வெள்ளையையும் கெடுத்துவிடும். அதற்குப் பதில் வெள்ளை மெட்டாகயோலின் (வெள்ளைக் களிமண்ணைச் சுட்டெடுத்த தூள்), அல்லது தண்ணீரில் மிதக்கும் நானோ சிலிக்கா போடலாம். இரண்டாவதைத் தூளாக வாங்காதீர்கள், கலவையாகவே வாங்குங்கள். இவ்வளவு சிறிய தூள் பறந்தால் நுரையீரலின் அடிவரை போகும். பட்டறையில் வண்ணம் கலக்கிற பெண்கள் குனிந்து முகத்துக்கு நேரே கலக்குவார்கள் இல்லையா?

பட்டறைக்காரன் | மூன்று வாரம் கழித்து, ஞாயிறு, மாலை 4.20

நடந்ததை எல்லாம் சொல்கிறேன், தோற்றதையும் சேர்த்து.

பள்ளத்தூர்த் தங்கை வழிகாட்டியின் அனுமதியோடு ஒரு போத்தல் நானோ சிலிக்காக் கலவை கொண்டுவந்தார். பார்க்கப் பால் கலந்த தண்ணீர் மாதிரி. எங்களிடம் வேலை செய்கிற அக்கா வழக்கம்போலக் கண்ணாடியைத் துடைத்து, சட்டம் வைத்து, அச்சை உள்ளே இறக்கினார். வெள்ளைச் சிமென்டில் பச்சை கலந்து, அதில் இந்தக் கலவையை நேரடியாக ஊற்றிக் கிண்டினோம். எண்ணி இருபது கிண்டுக்குள் கூழ் இறுகிக் களியாகிவிட்டது. கரண்டியில் எடுத்தால் ஊற்றவில்லை, விழுந்தது. அச்சைத் தூக்கியபோது பச்சைக்கும் மஞ்சளுக்கும் நடுவே கோடு கிழிந்தது. அக்கா என்னைப் பார்த்தார், நான் தங்கையைப் பார்த்தேன்.

அவர் முகம் வாடவில்லை. உட்கார்ந்து விளக்கினார். அந்தத் துகள்கள் ஒன்றையொன்று தள்ளும் மின்னூட்டத்தால்தான் தண்ணீரில் தனித்தனியாக மிதக்கின்றன. சிமென்டிலிருந்து கரைந்து வரும் கால்சியம் அந்த மின்னூட்டத்தை அழித்ததும் எல்லாம் கட்டிக்கொள்கின்றன. "பாலில் எலுமிச்சை பிழிந்த கதைதான் அண்ணே." அக்கா உடனே கேட்டார், "அப்படின்னா முதல்ல நிறையத் தண்ணியில விட்டு, அப்புறம் சிமென்ட்டைக் கொஞ்சம் கொஞ்சமாத் தூவினா?" தங்கை பேனாவை எடுத்து எழுதிக்கொண்டார். அந்தக் கேள்வி எந்தப் படிப்பிலிருந்தும் வரவில்லை, இருபது வருடமாகக் கூழ் கலக்கிய கையிலிருந்து வந்தது.

அடுத்த வாரம் அப்படியே செய்தோம். அளவைப் பாதியாக்கி, கலக்கும் தண்ணீரில் முதலில் விட்டு, காங்கிரீட்காரர் சொன்ன, கூழை இளக்குகிற பிளாஸ்டிசைசர் சில சொட்டு சேர்த்து, மேலே சிமென்டைத் தூவினோம். கூழ் ஓடியது. ஆனால் வழக்கத்தைவிடச் சீக்கிரம் இறுகுகிறது, ஆகவே ஒரு தடவைக்கு நாலு கல்லுக்கு மேல் கலக்கக் கூடாது. சாதாரணக் கல், மெட்டாகயோலின் கல், நானோ கல் மூன்றும் அதே மணல், அதே வெயில், அதே தொட்டி. பின்பக்கம் ஆணியால் எண் கீறி வைத்தோம்.

நேற்று சொட்டு வைத்துப் பார்த்தேன். சாதாரணக் கல்லில் தண்ணீர்ச் சொட்டு நான் டீ குடித்து முடிப்பதற்குள் உள்ளே போய்விட்டது. நானோ கல்லில் உருளவில்லை, தாமரை இலை வித்தை ஒன்றும் இல்லை. பரந்து அப்படியே இருந்தது. டீ டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு வந்தும் இருந்தது. மெட்டாகயோலின் இரண்டுக்கும் நடுவே. மஞ்சள் கறை மூன்றிலும் பிடித்தது, நானோ கல்லில் தேய்த்ததும் வெளிறியது, முழுக்கப் போகவில்லை. புளித்தண்ணீர் மூன்றையும் அரித்தது. சிமென்ட் சிமென்ட்தானே.

வளவுவீடு, கானாடுகாத்தான் | ஞாயிறு, மாலை 5.00

பளபளப்பு எப்படி இருக்கிறது தம்பி? அது போய்விட்டால் மற்றது எல்லாம் இருந்து என்ன?

பட்டறைக்காரன் | ஞாயிறு, மாலை 5.25

ஆச்சி, கண்ணாடியிலிருந்து கழன்று வந்த மினுக்கம் அப்படியே இருக்கிறது. பச்சை மட்டும் ஒரு சாயல் வெளிர். வண்ணத்தை ஒரு பிடி கூட்டிப் பார்க்கப்போகிறேன்.

நிக்கல்தொட்டி | ஞாயிறு, இரவு 9.05

தம்பி, விலை போட்டாயா? ஒரு கல்லுக்கு எவ்வளவு கூடுகிறது என்று சிமென்ட், சரக்கு, கூலி, உடைந்து வீணானது எல்லாம் சேர்த்து ஒரு ஐந்தொகை எழுது. மெட்டாகயோலின் நடுவே நிற்கிறது என்றாயே, விலை பார்த்தால் அதுவே போதும் என்றும் வரலாம். அப்படி வந்தால் வருத்தப்படாதே.

இன்னொன்று. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால்தான் 1948இல் நேரு அடிக்கல் நாட்டிய அந்த நிறுவனம் நம் ஊருக்கு வந்தது, 1953இல் திறந்தது. வியாபாரி கொடுத்த நிலத்தில் நிற்கிற ஆய்வகம் அது. பட்டறைக்காரன் வாசல்படி ஏற ஏன் தயங்க வேண்டும்? நான் அழைத்துப்போகிறேன், கல்லோடு வா.

பள்ளத்தூர்ப் பெண் | திங்கள், காலை 7.00

ஐயா, எதிர்த்திசையிலும் ஒரு வழி வேண்டும் என்று என் வழிகாட்டியிடம் கேட்டேன். மாணவர் ஒருவர் மூன்று மாதம் பட்டறையில் அடுத்தாளாக உட்காரட்டும் என்று. முதல் மாதம் எதையும் மாற்றக் கூடாது, கூழ் கலக்க மட்டும் கற்றுக்கொள்ள வேண்டும். யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார். நிக்கல் ஐயாவின் பெட்டியடிப் பையன் பேச்சிலிருந்துதான் எனக்கு இது தோன்றியது. தறிவீட்டு அண்ணனின் அரக்குச் சாயத்துக்கும் ஒருவரைக் கேட்டிருக்கிறேன், வேறு துறை.

தறிவீடு | திங்கள், காலை 7.30

வரச் சொல்லுங்கள். சாயம் இறங்கின துண்டும் இறங்காத துண்டும் தேதி போட்டு எடுத்து வைத்திருக்கிறேன்.

பட்டறைக்காரன் | திங்கள், இரவு 8.15

ஐந்தொகை எழுதிக்கொண்டிருக்கிறேன் ஐயா. ஒரு மழைக்காலம் தாண்டாமல் யாருக்கும் விற்கப் போவதில்லை. ஆச்சி, உங்கள் வீட்டில் அந்தப் புகைபிடித்த அறையின் மூலையில் பன்னிரண்டு கல் பெயர்த்துவிட்டு மூன்று வகையிலும் நாலு நாலு பதித்துக்கொள்ளட்டுமா? கூலி என்னுடையது. ஈரம் ஏறுகிற இடம் என்று உறுதியாகத் தெரிந்தது அது ஒன்றுதான்.

வளவுவீடு, கானாடுகாத்தான் | திங்கள், இரவு 8.40

ஐப்பசிக்கு முன்னாலேயே வந்து பதித்துவிடுங்கள் தம்பி. எண் கீறின பக்கம் கீழே போய்விடுமே, எது எதுவென்று ஒரு தாளில் எழுதி என்னிடமும் கொடுத்துவிட்டுப் போங்கள்.